பத்து மினுக்கல்

மத்திகிரி கூட்டு ரோடு தாண்டி மூன்றாவது வீடு,
தெற்குப் பார்த்த கார் ஷெட்.
கதவு பாதி இறங்கும்,
எதையோ மறந்தாற்போல் நிற்கும்,
திரும்ப ஏறிவிடும்.
மேலே மோட்டார் விளக்கு பத்து முறை மினுக்கும்.
காலையில மட்டுந்தான், என்றார் ரேணுகாராத்யா,
ஏழு மணிக்கு, நான் ஷிப்டுக்குக் கிளம்புற நேரம் பார்த்து.
முந்தி வந்த ஆள் போர்டு போச்சு என்று
பதினோராயிரம் கேட்டிருக்கிறான்.

பத்து மினுக்கல் என்றால் போர்டு இல்லை.
கண்.

தரையிலிருந்து அரையடி உயரத்தில்
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
ஒன்று அனுப்பும், ஒன்று வாங்கும்.
நடுவில் ஓடுவது நமக்குத் தெரியாது.
அது அறுந்தால்
அங்கே ஒரு குழந்தை நிற்பதாகக் கதவு எடுத்துக்கொள்ளும்.
பந்தாக இருக்கலாம், பூனையாக இருக்கலாம்,
அது விசாரிக்காது.

குப்புறப் படுத்தேன்.
ஓசூர் மார்கழித் தரை நெஞ்செலும்பு வரை ஏறியது.
சிலந்தி வலையை விரலில் சுற்றி எடுத்தேன்.
கண்ணாடிப் பனியைச் சட்டை நுனியால் துடைத்தேன்.
ஒயரைக் கூரை வரை தடவிப் போனேன்,
எலிப்பல் இல்லை, ஆணி இறங்கிய இடத்திலும் தோல் கிழியவில்லை.
பிராக்கெட்டைத் தளர்த்தி, நூல் பிடித்து,
மயிரிழை திருப்பினேன்.
பச்சை.
கதவு இறங்கி மூடியது.
டீ வந்தது.
டம்ளர் பாதியாகும்போது மறுபடி அழுத்திப் பார்த்தார்.
இறங்கியது, நின்றது, ஏறியது.

"ரெண்டையும் கழட்டி மேல கட்டி விட்டுடுப்பா,
எல்லாரும் அப்படித்தான செய்றாங்க."

எல்லாரும் என்றால் நானும்தான்.
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை, ஆனி மாதம்,
ரோடு வரை லாரி நிற்க
கதவு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
ஏணி போட்டேன்.
உத்தரத்தில் இரண்டு கண்ணையும் எதிரெதிரே வைத்துக்
கருப்பு டேப் சுற்றினேன்.
மூன்று சீசனாக அவை
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.
கீழே யார் குனிந்து போகிறார்கள் என்பது அவற்றுக்கு ஒன்றுமில்லை.
எதுவும் ஆகவில்லை.
எதுவும் ஆகவில்லை என்பதை
மாதம் ஒருமுறை போன் செய்து தெரிந்துகொள்வேன்,
கிரீஸ் போட்டீங்களா என்று கேட்கிற சாக்கில்.

கட்ட மாட்டேன் சார், என்றேன்.
மறுபடி படுத்தேன்.
அப்போதுதான் பிடரியில் சூடு தட்டியது.
பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தைல மரத்துக்கும் நடுவே,
மார்கழியில் மட்டும் தெற்கே சாய்ந்து வருகிற வெயில்
நேரே வாங்கும் கண்ணில் விழுந்தது.
உள்ளங்கையால் மறைத்தேன், பச்சை.
எடுத்தேன், அணைந்தது.
இவ்வளவு வெளிச்சத்தில் பாவம்
எதைத்தான் பார்க்கும்?

கண்களை இடம் மாற்றினால் சாயங்கால வெயில் பிடித்துக்கொள்ளும்.
மூன்று அங்குலம் பைப் துண்டு வெட்டி,
கருப்பு டேப் சுற்றி,
கண்ணுக்கு முன்னால் குழாயாக நீட்டி வைத்தேன்.
அதே கம்பெனி டேப்.
அறுநூறு ரூபாய். ஜிபே பண்ணினார்.

பாகலூர் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி
சூளகிரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.
சீசனே இல்லையே, யார் வரச் சொன்னா, என்றார்
வாட்ச்மேன் அக்பர் பாஷா.
யாரும் இல்ல பாய், ஏணி இருக்கா?

டேப் இறுகிப்போயிருந்தது, பிளேடு வைத்துத்தான் வந்தது.
பழைய ஓட்டையில் புது ஸ்குரு.
அரையடி. மட்டம். பச்சை.
பட்டனை அழுத்தினேன்.
ஒரு காலி கிரேட் வாசலில் கிடந்ததை
இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

கதவு பாதி இறங்கி நின்று
திரும்ப ஏறியது.
விளக்கு மினுக்கத் தொடங்கியது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நல்லா ஓடிட்டிருந்தது," என்றார் அக்பர் பாஷா,
"கெடுத்துட்டியே."