ஐஸ் கம்பெனி, இரவு ஷிப்ட்

கம்ப்ரசர் உறுமுகிறது.
மண்டபம் தூங்குகிறது.

கிழிந்த லுங்கி மூன்று,
ஜெசிந்தாவின் சாயம்போன நைட்டி,
வட்டிக்கடை மஞ்சள் பை.
சதுரம் சதுரமாய் வெட்டி
மடியில் போட்டிருக்கிறேன்.

முதல் வரிசையில்
விற்றுவிட்ட படகின் கடன் வந்தது.
இரண்டாவதில்
அண்ணனிடம் நான் பேசிய பேச்சு.
மூன்றாவதில் நூல் தவிர ஒன்றுமில்லை.

கோணலாய்ப் போன இடத்தைப்
பல்லால் கடித்துப் பிரித்தேன்.
துணி கோபித்துக்கொள்ளவில்லை.
துளை மட்டும் கொஞ்சநேரம் முறைத்தது,
நகத்தால் நீவ மூடிக்கொண்டது.

நாலு மணிக்கு முதல் வண்டி.
பாளம் உடைக்கக் குனிந்தேன்.
"காலர்ல என்னண்ணே மின்னுது?"
கித்தேரியான் கேட்டான்.

ஊசி.
அதன் வாலில் அரைமுழம் சிவப்பு நூல்,
கச்சான் காற்றில்
கிழக்கே பறந்துகொண்டு.