கூப்பிட்டோம், வரவில்லை

என் பெயர் பேச்சி.
சிரிப்பு வந்தால் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.
நாற்பது வயதுவரை அந்தப் பெயருக்கு
ஒரு குறையும் வைத்தவள் இல்லை நான்.

தாராவியில், தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால்
எவர்சில்வர் டப்பாவுக்கு மூடி அடிக்கும் பட்டறை.
பதினேழு வருஷம்.
காது கொடுத்துக் கேள் என்பார்களே,
கொடுத்தேன்
அந்த மிஷினுக்கு,
இரண்டையும்.

முதலில் போனது குக்கர் விசில்.
பிறகு சொற்களின் ஓரம் உதிர்ந்தது:
பத்து என்றாலும் கத்து என்றாலும்
வந்து சேர்வது 'அத்து' மட்டும்.
முதுகுக்குப் பின்னால் கூப்பிட்ட மகள்
திரும்பாத அம்மாமேல் கோபித்து
மூன்று நாள் பேசாமல் இருந்தாளாம்.
எனக்கு அதுவும் தெரியவில்லை.

முனிசிபல் ஆஸ்பத்திரி.
காது மூக்கு தொண்டை, அறை எண் ஒன்பது.
காதுக்கு வைத்தியம் பார்க்கிற வாசலில்
பெயரை வாயால்தான் கூப்பிடுகிறார்கள்,
அதுவும் மாஸ்க் போட்ட வாயால்.
எட்டு மணிக்கு உட்கார்ந்தவள்
ஒன்றரைக்கு எழுந்துபோய்க் கேட்டேன்.
பையன் மராத்தியில் ஏதோ எழுதி நீட்டினான்.
படிக்கத் தெரியாமல் நின்றபோது
பக்கத்து பெஞ்சுப் பெண் அதை வாங்கிப் பார்த்து
வாயருகே கை குவித்தாள்: கூப்பிட்டோம்.
இரண்டு விரலை நடக்கவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்: வரவில்லை.
அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டு
நாலு விரல் காட்டினாள்.
நாலாம் தடவையாம் அவளுக்கு.

அப்படிக் கிடைத்தவள் நிலோஃபர்.

ஞாயிறு மாலை, மாட்டுங்கா பாலத்துக்கு அடியில் பூங்கா.
மேலே லாரி போனால் பெஞ்ச் அதிரும்,
பேச்சு நிற்காது.
நாற்பத்தைந்து வயதில்
என் விரல்களுக்கு அரிச்சுவடி.
மூடிய முஷ்டிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால்
அது நான். டப்பாவும் மூடியும்.
நிலோஃபர் வைத்த பெயர்.
பஸ் டிப்போவில் ஓய்வு பெற்ற தத்தாராம் காகா வருவார்;
அவர் காது மிஷின் விசிலடித்தால்
தெருநாய்தான் வந்து சொல்லவேண்டும்.
மகனுக்காக வருகிற எஸ்தருக்குக் காது கேட்கும்.
அதற்காக நாங்கள் அவளை ஒதுக்குவதில்லை.

எண் காட்டும் பலகை ஒன்று வேண்டும்.
அவ்வளவுதான் மனு.
அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார்.
காகா ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்:
'முகம் இந்தப் பக்கம்.'
திரும்பினார்.
திரும்பியவர் பியூனிடம் முணுமுணுத்ததை
நிலோஃபர் உதட்டிலேயே படித்து
எங்கள் எல்லோருக்கும் கையால் சொன்னாள்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
ஊதுகிறவர் கன்னம் உப்புவது
எங்களுக்குத் தெரியாதா என்ன?

பதினோரு மாதம்.
ஏழு மனு, எஸ்தர் செய்த போன்கள் கணக்கில்லை.
பலகை வந்தது, சிவப்பு எழுத்தில்.
மழைக்காலத்தில் ஒரு கோடு அணைந்துபோய்
எட்டெல்லாம் ஆறாகி,
ஆறுக்கு இரண்டு பேர் சண்டை.

ரிப்பேருக்கு எட்டாவது மனு போயிருக்கிறது.
அதுவரை சிலேட்டு.
வியாழன்தோறும் எங்களில் ஒருவர்
அறை ஒன்பதின் வாசலில் எண்ணை எழுதிப் பிடிக்கிறோம்.
இன்று என் முறை.
நாற்பத்தேழு.
இயர்போன் மாட்டிப் படம் பார்க்கிற பையன்
காது நன்றாகக் கேட்கிறவன், அசையவில்லை.
தோளைத் தட்டி சிலேட்டைக் காட்டினேன்.
பதறி எழுந்து ஓடினான், பாவம்.

ஒரு மணிக்கு சிலேட்டை எஸ்தரிடம் கொடுத்துவிட்டு
பட்டறைக்குப் போகவேண்டும்.
புதிதாகச் சேர்ந்திருக்கிறாள் ஒருத்தி, பத்தொன்பது வயது.
முதலாளியோடு மல்லுக்கட்டி வாங்கிய காதுறையை
வேர்க்கிறது என்று கழற்றிக் கழற்றி வைக்கிறாள்.
நான் திட்டுவது
அவளுக்கு இன்னும் கேட்கிறது.
அதைத்தான் தினமும்
பத்திரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.