இருப்பிடச் சான்று

கரண்டுக் காசு குகபாலன் அண்ணையின் பெயரில்,
தண்ணீரும் அவர் பெயரில்.
தபால்பெட்டியில் ஒட்டியிருப்பதோ
அவருக்கும் முன்னிருந்த ஒரு போர்த்துக்கேயன்.
நாங்கள் இருப்பது உள்ளறை.
மாதம் ஐந்நூற்றைம்பது, கையில்.
ரசீது கேட்கக்கூடாது என்பது
முதல்நாளே பேசிய பேச்சு.

அந்த அறைக்கு ஒரு யன்னல்.
யன்னலுக்குக் கீழே பள்ளிக்கூடம்.
நாலு வருசம் போனில் மட்டும் பார்த்த மகள்
நவம்பரில் பொபினிக்கு வந்திறங்கி
என்னோடு பேசாமல்
அந்த யன்னலோடு பேசத் தொடங்கினாள்.

பத்துப் பத்துக்கு மணி அடிக்குமாம், தாயிடம் சொன்னாள்.
மஞ்சள் கோட்டுப் பெடியன் எப்பவும் கடைசியாய் வருவான்,
ஒரு சப்பாத்தைக் கழற்றி உதறுவான்,
மண் ஒன்றும் விழாது, சும்மா உதறுவான்.
லினா, லினா என்று ஒருத்தியை எல்லாரும் கூப்பிடுவார்கள்.
லினா ஒருநாளும் திரும்பிப் பார்க்கிறதில்லை.

வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனோம்.
இங்கே நகரசபைக்குப் பெயர் மேரி.
மேரி வீட்டில் நாய் நிற்குமா என்று
மாதுமை தாயின் காதுக்குள் கேட்டாள்.

பிறப்புப் பத்திரம், அதன் மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்பின் மேல் முத்திரை,
கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் தடுப்பூசி அட்டை.
மழையில் நனைந்து காய்ந்ததில்
போலியோ மட்டும் அழிந்திருந்தது.
மதாம் பெல்காசெம் ஒவ்வொன்றாய்ப் புரட்டினார்.
எதைக் கேட்கக்கூடாது என்று இருந்தேனோ
அதைக் கடைசியில் கேட்டார்.

முதல்நாள் இரவே அண்ணையைக் கேட்டிருந்தேன்.
"கடிதம் தரலாம் தம்பி, ஆனா..." என்றவர்
டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.
அந்த ஆனாவைத்தான் கொண்டுவந்திருந்தேன்.
அதை எந்த உறைக்குள் வைத்து நீட்டுவது?

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.
இந்த விலாசத்தில் இருக்கிறேன் என்று
நீங்களே எழுதுங்கள்,
உங்கள் மானத்தின் மேல் ஆணையாக.
மானமா, கௌரவமா,
அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு எது சரி என்று
எனக்குள் கொஞ்சநேரம் தள்ளுமுள்ளு.

இந்த நாட்டில் நான் சொன்ன எதையும்
தாள் இல்லாமல் ஒருத்தரும் நம்பினதில்லை.
முதுகுத் தழும்புக்கும் டொக்டரின் கடிதம் கேட்டார்கள்.
எந்த மாதம், எத்தனை மணி,
முகாமின் வாசல் எந்தப் பக்கம்,
போனமுறை வேறு பக்கம் சொன்னீர்களே.
இப்போது வெறுந்தாள். என் சொல் போதுமாம்.
ஆறு நாள் கோப்பை கழுவிய விரலில்
பேனை வழுக்கியது.

அவர் துண்டில் எழுதித் தந்த வசனத்தை
எழுத்தெழுத்தாய்ப் பார்த்து எழுதினேன்,
பக்கத்துப் பெடியனைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி
ஒரு கையால் மறைத்துக்கொண்டு.
கையெழுத்து மட்டும் தமிழில் விழுந்துவிட்டது.
அவர் அதைக் கொஞ்சம் சரித்துப் பார்த்தார்.
பிறகு முத்திரையைக் குத்தினார்.

படியிறங்கும்போது மாதுமை கேட்டாள்:
"லினாவுக்குக் காது கேக்காதா?"
தாய் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.
என்னைத்தான் கேட்டிருக்கிறாள்.
"போய் அவளையே கேள்."
"எந்தப் பாசையில?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரவு அண்ணை கதவைத் தட்டினார்.
"என்ர பேர் ஒரு இடமும் எழுதேல்லைத்தானே?"

திங்கட்கிழமை, பத்துப் பத்து.
வேலைக்கு நேரம் போகிறது, யன்னலில் நிற்கிறேன்.
கீழே முப்பது கம்பளித் தொப்பிகள்.
மஞ்சள் கோட்டு சப்பாத்தை உதறுகிறது.
லினா, லினா என்று கேட்கிறது.
யார் லினா? மாதுமையின் தொப்பி என்ன நிறம்?
தாய்தான் வாங்கினாள், குசினியில்தான் நிற்கிறாள்,
கேட்டால் சொல்லுவாள்.
கேட்க வெட்கமாய் இருக்கிறது.

ஒரு தொப்பி நிமிர்ந்து மேலே பார்க்கிறது.
கையைக் காட்டுகிறேன்,
யாராய் இருந்தாலும்.