நூறு கிலோ ஓம்

மண்ணிறம், கறுப்பு, மஞ்சள்.
நூறு என்று நிறம் சொல்லுது;
மீற்றர் நூற்றிப் பதினெட்டு என்குது.
செத்த வால்வு றேடியோவில் கழற்றிய கரி ரெசிஸ்ரர்,
மாங்குளத்து மாரியைக் குடித்துக் குடித்து
தன் கணக்கை மறந்துபோச்சு.

பக்கத்தில் கொழும்பால வந்த மெற்றல் பிலிம்:
ஒரு வீதமும் பிசகாது,
மூச்சும் விடாது.

ஞாயிறு பூசைக்கு யூட்சனுக்கு அம்பிளிபயர் வேணும்.
"பழைய சத்தம் வரோணும், இரையக்கூடாது அக்கா."
இரண்டையும் ஒரே வாயால் கேட்கிறான்.

கதோட்டில், கிரிட்டில், முதல் வால்வு முழுக்கப் புதிசு.
இரண்டாம் வால்வின் பிளேற்றில் மட்டும்
பதினெட்டுக் கூடின இதை
ஈயம் உருக்கி வைத்தேன்.

சுவிச்சைப் போட்டு, கிற்றாரைத் தொட முதல்
மெல்லிசா ஒரு இரைச்சல்.
யூட்சன் குனிந்து காதை வைத்தான்.
"பொறுங்கோ, உள்ளுக்க ஆரோ நிக்கினம்."

முந்நூறு வோல்ற் நிக்குது,
கையை எடு என்றேன்.