மேசைக்கு வராத சங்கதி

லூடன்ஷைட்டில் மழை. திருகாணித் தொழிற்சாலையின்
சாப்பாட்டுக் கூடத்தில் இரவு ஒன்றரை மணி.
மூன்று வீதமா ஐந்து வீதமா என்று
எட்டு மணித்தியாலமாய் இழுபறி.
நான் கூட்டக்குறிப்பு எழுதுகிறவள்,
பகலில் சம்பளக் கணக்கு.

முதலாளியம்மா ஹெட்விக் ப்ரூனிங்ஹாஸ்
கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்க்கிறா.
சங்கத்து ஊவே ட்ரோஸ்ட் நாலாவது கோப்பியையும்
குடிக்காமல் ஆறவிடுகிறார்.
இருபது வருடமாய் ஒருவருக்கொருவர் ‘நீங்கள்’தான்,
கத்தி உறைக்குள்தான்.

ஓஹையோக் கிளையிலிருந்து வந்த மேலாளர் கார்ல்டன்
சுவரோரம் இருந்து மெதுவாய்க் கேட்டார்:
“மருத்துவக் காப்புறுதியை எப்போது பேசுவார்கள்?”
பேசமாட்டார்கள்.
“நாளைக்கா?”
இல்லை. அது இந்த மேசைக்கு வருவதில்லை.

அங்கே போன பங்குனியில் ஆறு கிழமை வேலைநிறுத்தமாம்.
சம்பளத்துக்கு அல்ல, காப்புறுதிக்கு.
பனிக்குள் படலையில் நின்ற ஒருத்தி
மகனுக்கு இன்சுலினை எண்ணி எண்ணிப் போட்டாளாம்.
“ஒருவரும் வெல்லவில்லை” என்றார்.
கொஞ்சம் பொறுத்து, “நானும்தான்.”

இடைவேளையில் ஊவேயைப் பிடித்துக் கேட்டார்.
“அட்டை முதலாளியின் பைக்குள் இருந்தால்
என் ஆட்கள் எந்தத் துணிவில் வெளியே நடப்பார்கள்?”

கைகழுவப் போன முதலாளியம்மா திரும்பி நின்றா.
“அட்டைக்காக ஒட்டிக்கொண்டிருப்பவனை வைத்து
நான் என்ன செய்ய? போகட்டும்.
காய்ச்சலை விழுங்கிக்கொண்டு மெஷினுக்கு வருகிறவன்
கடைகிற திருகாணி
பெட்டி பெட்டியாய் எனக்கே திரும்பி வரும்.”

நான் இதைக் குறிப்பில் எழுதவில்லை,
நிகழ்ச்சிநிரலில் இல்லை.

மாதக் கடைசியில் என் விரலடியில் வருகிற இரண்டு வரி:
தொழிலாளி, எட்டு வீதமும் சொச்சமும்.
கம்பனி, எட்டு வீதமும் சொச்சமும்.
சொச்சம் இந்த வருடமும் ஏறிவிட்டது.
அதற்கு மட்டும் இரண்டு பேரும்
ஒரே குரலில் பெர்லினைத் திட்டுவார்கள்.

நாலாம் அழுத்தியில் குலநாயகம் அண்ணை.
கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்,
மற்ற நாட்களில் அரைநேர வேலை.
எங்கள் ஊரில் நோய்க்குப் பெயரே வருத்தம்.
அவருக்கு வருத்தம் இருக்கிறது,
வருத்தப்பட நேரமில்லை.
சீட்டைக் கையில் வாங்கினால் ஒரே பகிடி:
“என்ர சிறுநீரகத்துக்கு ஊவேயும் பாதி, அம்மாவும் பாதி,
மிச்சம் யாரெண்டு தெரியாத சனம்.”

இரண்டே முக்காலுக்குப் பேச்சு முறிந்தது.
ஊவே கதிரையைத் தள்ளின சத்தம்
குறிப்பில் ஒரு வரியாய் நிற்கிறது.
வெள்ளிக்கிழமை மறுபடி.

போகும்போது கார்ல்டன்
பெயரில்லாத சம்பளச் சீட்டொன்று கேட்டார்.
கொடுத்தேன்.
இரண்டாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்,
எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியாத
மருந்துச் சீட்டைப்போல.