நாலு விரல் தண்ணீர்

செவ்வாய் காலை ஏழரைக்கு
வண்ணம் பூச ஆள் வருமாம்.
"சுவரை விட்டு எல்லாவற்றையும்
ஒரு மீட்டர் தள்ளி வைக்கவும்"
என்கிறது வீட்டு நிர்வாகத்தின் கடிதம்.
எல்லாவற்றிலும்
நூற்றெண்பது லிற்றர் மீன் தொட்டியும் அடக்கமா என்று கேட்க
என் ஜெர்மன் போதும்.
கேட்கவில்லை.

தொட்டி கஜரூபனுடையது.
கட்டில் எனக்கு, கார் அவனுக்கு,
கடன் இரண்டு பேருக்கும் என்று
தாளில் பிரித்த நாளில்
மீனை யாரும் எழுதவில்லை.
புது அறையில் கூரை சாய்வு, இடமில்லை என்றான்.
பதினான்கு மாதமாக
நான்தான் சாப்பாடு போடுகிறேன்.
ஒரு சிட்டிகை.
அவன் மேல் கோபம் வருகிற நாளில் அரைச் சிட்டிகை.

தனியாக முடிந்ததை முதலில் செய்தேன்.
குழாயை உறிஞ்சி,
நாக்கில் படுவதற்குள் விரலால் அடைத்து
வாளிக்கு இறக்கினேன்.
பழைய தண்ணீரைக் கொட்டக் கூடாது;
வேலையிடத்துப் பேக்கரியில் கிரீம் வந்த வெள்ளை வாளிகள்
ஒன்பதும் நிறைந்து
குளியலறை வாசல் வரை வரிசை நின்றன.
வடிகட்டியின் பஞ்சை ஈரம் காயவிடவில்லை.
அது காய்ந்தால்
கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரே செத்துப்போகும்.
இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அவன்தான்.
சொன்னபோது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஆனாலும் காதில் விழுந்திருக்கிறது.

கடைசியில் கல்லும் நாலு விரல் தண்ணீரும்.
தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.
தொட்டி அசையவில்லை,
என் செருப்புத்தான் வழுக்கியது.

ஒன்பது மணிக்கு வந்தான்.
வாசலில் நின்று
"வரலாமோ" என்று கேட்டுவிட்டு
இருட்டில் சுவிட்சைத் தேடாமல் போட்டான்.
"கண்ணாடி முறுகக் கூடாது, ரெண்டு பக்கமும் ஒரே உயரம்."
ஐன்ஸ், ட்ஸ்வை, ட்றை என்று எண்ணித் தூக்கினோம்.
சண்டைக்குத் தமிழ், சாமான் தூக்க ஜெர்மன்:
எங்கள் வீட்டு வழக்கம் அது.

தொட்டி விலகிய இடத்தில்
வந்த வருடம் நாங்களே பூசிய மஞ்சள்
வெளிறாமல், நீள்சதுரமாக.
மற்ற சுவரெல்லாம் எப்போது பழுப்பானதென்று தெரியவில்லை.
அவன் பார்த்தான். நான் வாளியைப் பார்த்தேன்.

"பதினொண்டா?"
"ஓம்."
விட்டுப்போனபோது பதினாறு நியான்.
"அதுகளுக்கு அவ்வளவுதான் ஆயுசு" என்றான்,
கொஞ்ச நேரம் கழித்து.

காற்றுப் பம்பைக் குசினிக்குக் கொண்டுபோய்
ரியூப்பைக் கதவடியால் விட்டான்:
"அறைக்குள்ள இருந்தா பெயின்ற் மணத்தை இழுத்துத்
தண்ணிக்குள்ள ஊதிப்போடும்."
நனைத்த படுக்கை விரிப்பால் தொட்டியை மூடினோம்.
விரிப்பின் ஒரு முனை அவன் கையில், மறு முனை என் கையில்.
தேத்தண்ணி கேட்கவில்லை. நானும் ஊற்றவில்லை.
"காய்ஞ்ச பிறகு சொல்லு, திருப்பி வைப்பம்."

ஹெர் ப்ரோக்மான் இரண்டு நாள் பூசினார்.
விரிப்பைத் தூக்கிப் பார்த்து,
இவர்களுக்குப் பெயர் இருக்கிறதா என்றார்.
இல்லை என்றபோது
எனக்கே ஒரு மாதிரி இருந்தது.
மஞ்சள் ஒரே பூச்சில் மறையவில்லை,
மூன்று தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை காய்ந்துவிட்டது.
சனியும் காய்ந்தே இருந்தது.
நான் சொல்லவில்லை.

வாளி வாளியாகப் பழைய தண்ணீரை ஊற்றினேன்.
தொட்டி இப்போது அறையின் நடுவில்.
ஃபோவிங்கெல் தெருவுக்கு மேலே
தொங்கு ரயில் யன்னலுக்கு நேரே போகும்போது
பதினொரு மீனும் ஒரு பக்கம் ஒதுங்குகின்றன.
அந்தப் பக்கம் போய் நிற்கிறேன்.
ஆறு வருடம் சுவருக்குத் தெரிந்த முதுகு அது;
எனக்குப் புதிது.

வயர் எட்டவில்லை, நீட்டிப்புப் போட்டிருக்கிறேன்.
இரவில் தண்ணீர் குடிக்க எழும்பினால்
அதில்தான் தடக்குகிறேன்.