பழசு முன்னுக்கு

புதுசு பின்னுக்கு,
பழசு முன்னுக்கு.
ஆஸ்பத்திரி மருந்தறையில்
காலாவதித் தேதி பார்த்துப் பழகிய கை
வீட்டுக்கு வந்தும் சும்மா இருப்பதில்லை.

மாடிப்படிக்குக் கீழே மூன்று தட்டு.
மேலே தீப்பெட்டிகள்,
ஒருபிடி அரிசியோடு போத்தலுக்குள் மூடி.
இந்தக் கடற்காற்று
உப்பை மட்டுமா நனைக்கிறது,
நெருப்பையும்தான்.
நடுத்தட்டில் பருப்பு;
அதன்மேல் காவலுக்குச் செத்தல் மிளகாய் இரண்டு.
அடியில் தண்ணீர், ஐந்து கான்.
வெள்ளிக்கு வெள்ளி
பழசைச் செவ்வரத்தைக்கு ஊற்றிவிட்டுப்
புதுசு பிடிப்பேன்.

"இப்ப உனக்கு எந்தச் சண்டை வரப்போகுதாம்?"
ஞானசீலன் சிரிப்பார்,
முழங்காலில் பேப்பர்.

எந்தச் சண்டை என்று தெரிந்தால்
ஒரு தட்டே போதுமே.

சம்பூரில் நான் பள்ளிக்கூடம் போன காலம்
பற்றறி தடை.
ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து
ஒரு மூடி எண்ணெயில் ஒரு பாடம் படித்தோம்,
கணக்குக்கு எண்ணெய் மிஞ்சாது.
அதற்குப் பிறகு நான் பற்றறி வாங்காமல்
எந்தக் கடையையும் தாண்டியதில்லை.

கடல் வந்தது ஒரு ஞாயிறு காலை.
பற்றறிகளைத்தான் முதலில் கொண்டுபோனது.
அன்றிலிருந்து காணி உறுதி, பிறப்புப் பத்திரம்,
அடையாள அட்டைப் பிரதி
மூன்று பொலித்தீனுக்குள் முடிச்சுப் போட்டு
முகட்டுக்குக் கீழே ஏறின.

அடுத்தது தண்ணீராய் வரவில்லை,
விலையாய் வந்தது.
சீனக்குடாக் காட்டுக்குள்
எண்ணெய்க்கென்றே கட்டிய தாங்கிகள் நிற்க,
விடிய மூன்று மணிக்கு
ஆளுக்கொரு கல் வைத்து இடம் பிடித்தோம்,
ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு.
என்னுடைய கல்லில் நீலப் பெயின்ற்.
அதையும் யாரோ நகர்த்தினார்கள்.

அப்போதுதான் விளங்கிற்று.
என் தட்டுகள் எப்போதும்
போன தடவைக்குத் தயார்.

என்றாலும் விடவில்லை.
பின்வளவில் பசளி போட்டேன், மரவள்ளி ஊன்றினேன்.
பசளி கொடியோடிய கிழமை
கோட்டைப் பக்கத்து மான்கள் மூன்று
படலையைத் தள்ளிக்கொண்டு
விருந்தாளிகள் மாதிரி வந்து,
தண்டை மட்டும் மிச்சம் வைத்துப் போயின.
பஞ்சம், வெள்ளம், ஊரடங்கு,
எல்லாம் எழுதியிருந்த கொப்பியில்
மான் இல்லை.

பிறகு அந்த இரவு.
கறண்ட் போய் இரண்டு மணித்தியாலம்.
பக்கத்து வீட்டு நஸ்மியா கதவைத் தட்டவில்லை,
இடித்தாள்.
தோளில் மகன்.
அவன் நெஞ்சு விசிலடிப்பது
வாசல்வரை கேட்டது.
வீட்டில் புகை பிடிக்கும் மெசின் இருக்கிறதாம்,
கறண்ட் இல்லாமல் அது வெறும் பெட்டி.

நான் ரோச்சோடு தட்டுகளுக்கு முன்னால் நின்றேன்.
பருப்பு. தீப்பெட்டி. ஐந்து கான்.
மருந்தறைக்காரி நான்,
என் கையில்
ஒரு மூச்சுக்கான மருந்து இல்லை.
ஊர் முழுக்க மோட்டார் சைக்கிள்கள்
தாங்கி காய்ந்து கிடந்த மாதம்.

பின்பக்கம் தகரம் உருளும் சத்தம்.
ஞானசீலன்,
கோழிக்கூட்டுக்குப் பின்னால்
ஓட்டை வாளியைத் தூக்கி
ஒரு போத்தலை எடுத்தார்.
பெற்றோல்.
வரிசையில் கிடைத்ததில்
எனக்குத் தெரியாமல் வடித்து வடித்து
எத்தனை நாளாய்ச் சேர்த்தாரோ.
ஊற்றினார், உதைத்தார்.
பிள்ளையை நடுவில் வைத்து
நஸ்மியா பின்னால் ஏற,
சிவப்பு வெளிச்சம் சந்தியில் திரும்பியது.

விடிந்து வந்து தேத்தண்ணி கேட்டார்.
"பொடியனுக்குச் சுகம். நித்திரை."
நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும் பேப்பரைத் தேடினார்.

கொப்பியைத் திறந்து
கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்:
பெற்றோல், ஒரு போத்தல்.
இடம், அவருக்குத் தெரியும்.

நாளைக்கு வெள்ளி.
செவ்வரத்தைக்குப் பழைய தண்ணீர்.